அப்பா அம்மாவை ஸ்டார் ஹோட்டல்ல டிம் சம் லஞ்சுக்கு கூட்டிட்டுப் போறேன், எதுல பன்றிக் கொழுப்பு இருக்கும், என்ன ஆர்டர் பண்றது?

செங்காங் மகள்:

வணக்கம் மக்களே. ரெண்டு நாளா மெனுவா தேடித் தேடிப் பாத்து இன்னும் குழப்பம்தான் கூடியிருக்கு, அதான் இங்க கேக்குறேன். நான் சிங்கப்பூர்ல இருக்கேன், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். அடுத்த வாரம் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா இங்க வர்றாங்க. அப்பா 31 வருஷம் பஸ் ஸ்டாண்ட் கிட்ட டீக்கடை நடத்துனவரு, போன வருஷம்தான் முட்டி வலி தாங்காம கடையை விட்டாரு. அத்தனை வருஷமும் மத்தவங்களுக்கு கிளாஸ் கிளாஸா ஆத்திக் கொடுத்த மனுஷனை ஒரு நாளாவது நல்ல எடத்துல உக்கார வச்சு வேற யாராவது டீ ஊத்திக் கொடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

போன மாசம் ஆபீஸ்ல எங்க டீமை ஒரு ஹோட்டல் சைனீஸ் ரெஸ்டாரண்டுக்கு டிம் சம் (சின்னச் சின்ன சீனப் பலகாரங்க) லஞ்ச் கூட்டிட்டுப் போனாங்க. அந்த மூங்கில் கூடை மூடியைத் தூக்குனதும் ஆவி மூஞ்சில அடிச்சுது பாருங்க, காலையில எங்கம்மா இட்லிப் பானையைத் திறக்குற மாதிரியே இருந்துச்சு, அப்பவே முடிவு பண்ணிட்டேன் இவங்க வந்தா இங்கதான்னு.

ஆனா சிக்கல் என்னன்னா அப்பா கோழி, மீன், எறால் எல்லாம் சாப்பிடுவாரு, பன்றியும் மாடும் கண்டிப்பா தொட மாட்டாரு. அம்மா ஒரு வேண்டுதலுக்காக 9 வருஷமா கறி மீன் எதுவும் தொடுறதில்ல, கேக்ல முட்டை இருந்தா மட்டும் பரவால்லம்பாங்க. அன்னிக்கு டீமோட போனப்ப நான் பாத்ததெல்லாம் வெள்ளையா உருண்டையா ஒரே மாதிரி இருந்துச்சு, எதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. அம்மா முன்னாடி வெறும் சோத்தை வச்சுட்டு நாங்க மூணு பேரும் சாப்பிடுற மாதிரி ஆயிடக் கூடாது. நாலு பேருக்கு எவ்வளவு ஆகும், எத்தனை கூடை சொல்லணும், குச்சியில சாப்பிடத் தெரியலன்னா தப்பா நினைப்பாங்களா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈப்போக்காரன்:

வணக்கம் சிஸ்டர். நான் மலேசியா ஈப்போ, டிம் சம் சாப்பிட்டே வளந்த ஆளு. எங்க ஊர்ல இது காலைப் பசியாறல், லியோங் சின் நாம் சாலைல விடியக்காலையிலயே கடைங்க ரொம்பி வழியும், எங்கப்பா ஞாயித்துக்கிழமை எங்களை எழுப்பி கூட்டிட்டுப் போவாரு. அதனால உங்க அப்பா விஷயத்தைப் படிச்சதும் மனசு நெகிழ்ந்து போச்சு.

முதல்ல ஒண்ணு சொல்றேன், சீனவங்க இதை "டிம் சம் சாப்பிடப் போறோம்"னு சொல்றதை விட "யாம் சா"ன்னுதான் சொல்லுவாங்க. கேண்டனீஸ்ல யாம்னா குடிக்கிறது, சான்னா டீ. நம்ம சாயாவும் அந்த சாவும் ஒரே வேர்தான். அதாவது டீ குடிக்கப் போறதுதான் விஷயம், பலகாரம் டீக்குத் துணைக்கு வர்றது. டீக்கடைக்காரருக்கு இதை விடப் பொருத்தமான சாப்பாடு இருக்க முடியாது, இதை உங்கப்பாகிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.

உக்காந்ததும் என்ன டீன்னு கேப்பாங்க. பூ அர்னு ஒண்ணு, கேண்டனீஸ்ல போ லெய், நல்லா கறுப்பா மண் வாசனையோட இருக்கும், எண்ணெய்ப் பலகாரத்துக்கு அதுதான் ஜோடி. மல்லிகைப்பூ டீ இருக்கு, செவ்வந்திப்பூ போட்டதும் இருக்கு, அம்மாவுக்கு அது பிடிக்கும்னு நினைக்கிறேன். பாலும் சர்க்கரையும் போட மாட்டாங்க, கேக்கவும் வேணாம். டீக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு காசு தனியா வரும், ஆனா சுடுதண்ணி ஊத்தி ஊத்தித் தருவாங்க. பானை காலியானா கூப்பிட வேணாம், மூடியை லேசா நகத்தி சாய்ச்சு வைங்க, அவங்களே பாத்துட்டு வந்து ரொப்பிடுவாங்க.

பக்கத்துல உள்ளவங்க டீ ஊத்துனா ரெண்டு விரலால மேசையில மெதுவாத் தட்டணும், அதுதான் நன்றி. சியென்லோங்னு ஒரு சக்ரவர்த்தி மாறுவேஷத்துல டீக்கடைக்குப் போய் தன் சேவகனுக்கே டீ ஊத்துனாராம், சேவகன் விழுந்து கும்பிட்டா ராஜான்னு தெரிஞ்சுடும்னு விரலை மடக்கித் தட்டுனானாம், அப்படி ஒரு கதை சொல்லுவாங்க. வயசுல சின்னவங்கதான் பெரியவங்களுக்கு ஊத்தணும், அதனால நீங்களே உங்கப்பாவுக்கு ஊத்துங்க சிஸ்டர்.

கூடைக்கு 3 இல்ல 4 துண்டு இருக்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல சொல்லாதீங்க, நாலு அஞ்சு கூடை சொல்லுங்க, சாப்பிட்டுட்டு அடுத்து சொல்லுங்க. ஆறிப் போனா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நாலு பேருக்கு 12லேர்ந்து 15 கூடை போதும். ஹோட்டல்ல மத்தியானம் மட்டும்தான் டிம் சம், பெரும்பாலும் பதினொன்றரை பன்னெண்டுக்குத் தொடங்கி ரெண்டரைக்கு முடிச்சிடுவாங்க, சனி ஞாயிறுல சில எடத்துல ரெண்டு பந்தி மாதிரி நேரம் பிரிச்சு விடுவாங்க. குச்சி வரலன்னா ஸ்பூன் ஃபோர்க் கேளுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. சோத்துல மட்டும் குச்சியை நட்டுக்க குத்தி வைக்கக் கூடாது, செத்தவங்களுக்கு ஊதுவத்தி வைக்கிற மாதிரின்னு பெரியவங்க வருத்தப்படுவாங்க.

பழைய கிச்சன் ஆளு:

உள்ள என்ன இருக்குங்கிற கேள்விக்கு நான் வர்றேன் தங்கச்சி. சென்னையில ஒரு ஸ்டார் ஹோட்டல் சைனீஸ் கிச்சன்ல நாலு வருஷம் டிம் சம் செக்‌ஷன்ல நின்னவன், அப்புறம் வெளிநாட்டுலயும் அதே வேலை பாத்தேன். மெனு பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா பேரு எறாலா இருக்கும் உள்ள பன்றி இருக்கும்.

ஹார் காவ்னா கண்ணாடி மாதிரி தோலுக்குள்ள எறால் தெரியுறது. இதை எறால் மட்டும்தான்னு நினைச்சு நிறைய பேரு சாப்பிடுறாங்க, ஆனா பழைய முறையில எறாலோட மூங்கில் குருத்தும் பொடியா நறுக்குன பன்றிக் கொழுப்பும் சேப்பாங்க, கடிக்கும்போது உள்ள சாறு வர்றது அதனாலதான். தோல் மாவு பிசையும்போதும் லார்டு, அதாவது உருக்குன பன்றிக் கொழுப்பு, போடுற வழக்கம் உண்டு, இப்ப நிறைய எடத்துல எண்ணெய்க்கு மாறிட்டாங்க. அப்பாவுக்கு சொல்லணும்னா இந்த ரெண்டையும் கேட்டுட்டு சொல்லுங்க. சியூ மாய், மேல திறந்து மஞ்சள் தோலோட நிக்கும், அது பன்றியும் எறாலும் சேந்தது, விட்டுடுங்க. சார் சியூ பாவ் தலை வெடிச்ச பன் மாதிரி வெள்ளையா இருக்கும், பாக்க ரொம்ப அழகு, முழுக்கப் பன்றி. லோ மாய் கை, தாமரை இலையில கட்டுன ஒட்டரிசி, பேருலயே கோழின்னு இருக்கு, ஆனா நடுவுல லாப் சியோங்னு பன்றி சாசேஜ் துண்டு ஒளிஞ்சிருக்கும். உருண்டையா வேக வச்ச கறி உருண்டை வந்தா அது மாடு. கோழிக்கால்ல பொதுவா பிரச்சனை இல்ல, அதை முதல்ல எண்ணெயில பொரிச்சு, தண்ணியில ஊற வச்சு தோலை உப்ப விட்டு, அப்புறம் மசாலாவுல வேக வச்சு, கடைசியா கறுப்பு பீன்ஸோட ஆவியில வைக்கிறது, ஒரு தட்டுக்கு அவ்வளவு வேலை. அப்பாவுக்கு நாட்டுக்கோழிக் கால் சூப் பழக்கம்னா நிச்சயம் பிடிக்கும்.

அந்த கண்ணாடித் தோலைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம போக மனசு வரல. அது அரிசி மாவு இல்ல. கோதுமை மாவைத் தண்ணியில கழுவிக் கழுவி பசைத்தன்மை போனப்புறம் மிஞ்சுற ஸ்டார்ச், அதோட கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச். கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்தி கிளறி, சூடு கை பொறுக்குற பதத்துல பிசையணும், தண்ணி கொஞ்சம் ஆறுனாலும் தோல் வெடிச்சிடும். அப்புறம் முனை மழுங்குன ஒரு அகலக் கத்தி, அதுல எண்ணெய் தடவி, சின்ன உருண்டை மேல வச்சு அழுத்தி ஒரு சுத்து சுத்துனா வட்டமா பேப்பர் மாதிரி வந்துடும். எங்க மாஸ்டர் ஹாங்காங்காரரு, கத்தியைத் தூக்கும்போது வட்டத்தோட ஒரு ஓரம் தடிப்பாவும் மறு ஓரம் மெலிசாவும் இருக்கும், மெலிசு பக்கம்தான் மடிப்பு வரணும். ஒரு பக்கம் மட்டும் பத்து மடிப்புக்கு மேல வைப்பாரு. நான் எட்டு வைக்கக் கத்துக்கவே ஆறு மாசம் ஆச்சு. ஆவியில அஞ்சு ஆறு நிமிஷம்தான், மேசைக்கு வந்ததும் சாப்பிடணும், ஆறுனா தோல் விறைச்சுப் போயிடும்.

இன்னொரு விஷயம், ஹோட்டல் விலைக்குப் பயந்தா வேற வழியும் இருக்கு. ஹாங்காங் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல்ல லுங் கிங் ஹீன்னு ஒரு ரெஸ்டாரண்ட், மிஷலின்னு ரெஸ்டாரண்ட்களுக்கு மதிப்பு போடுற கைடுல மூணு நட்சத்திரம் வாங்குன முதல் சைனீஸ் ரெஸ்டாரண்ட் அதுதான். அங்க டிம் சம் பாத்த மாஸ்டர் மாக் க்வாய் புய் 2009ல வெளிய வந்து மாங் கோக்ல ஒரு சின்னக் கடையா டிம் ஹோ வான் போட்டாரு, அந்தக் கடைக்கும் மிஷலின் நட்சத்திரம் வந்துச்சு, 2013ல சிங்கப்பூர் பிளாசா சிங்கப்பூராவுக்கும் வந்துட்டாங்க. ஆனா உங்க விஷயத்துக்கு ஹோட்டல்தான் சரின்னு நான் சொல்லுவேன், ஏன்னா முன்கூட்டி சொல்லி வச்சா கிச்சன்ல ஆள் இருக்கு, தனியா செஞ்சு தருவாங்க, கூட்டக் கடையில அதுக்கு நேரம் இருக்காது.

தோபாயோ அக்கா:

உங்க அம்மா மாதிரிதான் நானும், பிறந்ததுலேர்ந்து சைவம், சிங்கப்பூர்ல 20 வருஷம் ஆகுது. எனக்கு நடந்ததை சொல்றேன், அம்மாவுக்கு அப்படி நடக்கக் கூடாதுன்னுதான். ஒரு ஹோட்டல்ல (பேரு வேணாம்) வெஜிடேரியன்னு சொன்னேன், சர்வர் பையன் சரி சரின்னு தலையாட்டிட்டு கேரட் கேக் கொண்டு வந்து வச்சான். கேரட்னு பேரு, உண்மையில அது வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேத்து வேக வச்சு தோசைக்கல்லுல முறுவலாக்குறது. பாதி சாப்பிட்டப்புறம்தான் பல்லுல என்னமோ மாட்டுச்சு, பாத்தா கருவாட்டு எறால். அன்னிக்கு வீட்டுக்கு வந்து குளிச்சும் மனசு ஆறல. அந்தப் பையன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவனுக்கு வெஜிடேரியன்னா கண்ணுக்குத் தெரியுற கறி இல்லாதது, அவ்வளவுதான்.

அதனால வெஜிடேரியன்ங்கிற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. சீனவங்களுக்கு நல்லாப் புரியுற வார்த்தை ஒண்ணு இருக்கு, "வோ ச்சி சூ", நான் சைவம் சாப்பிடுறேன்னு அர்த்தம். அவங்கள்ல நிறைய பேரு அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வர்ற நாள்ல, அதாவது அவங்க மாசத்துல 1ம் 15ம் தேதி, புத்தருக்காக சைவம் இருப்பாங்க, அந்த சைவத்துல பூண்டு வெங்காயம் கூட இருக்காது. இந்த வார்த்தையைச் சொன்னா முகமே மாறும், இது சாமி விஷயம்னு புரிஞ்சுக்குவாங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடியே போன் பண்ணி அப்படிச் சொல்லி, மேனேஜர்கிட்ட பேசி, ஆய்ஸ்டர் சாஸ் கூடாது, கோழி எலும்பு சூப் தண்ணி கூடாது, எக்ஸ்ஓ சாஸ் (கருவாட்டு எறாலெல்லாம் போட்ட கார சாஸ்) கூடாது, லார்டு கூடாதுன்னு நாலையும் பேரு சொல்லிக் கேளுங்க. கீரை வதக்கல்ல கூட கோழி ஸ்டாக் ஊத்துவாங்க, ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலேர்ந்து வர்றது, நாம சோயா சாஸ்னு நினைச்சு சாப்பிட்டுடுவோம்.

அம்மாவுக்கு நான் சொல்றது, காளான் போட்ட காய்கறி டம்ப்ளிங், உள்ள யூட்டியாவ்னு நீளமா பொரிச்ச மாவு வச்ச சீ சியோங் ஃபன், அதாவது ஆவியில வேக வச்ச அரிசி மாவுச் சுருள் (சாஸ் தனியா குடுக்கச் சொல்லுங்க), மா லாய் கோன்னு பழுப்பா பஞ்சு மாதிரி வேக வச்ச கேக். எக் டார்ட் ஓட்டுல லார்டு இருக்கும், சிவப்பு பீன்ஸ் பன்லயும் இருக்கலாம், கேக்காம சொல்லாதீங்க. கடைசியா மாம்பழ சேகோ, நம்ம ஜவ்வரிசிதான், பயமில்லாம சாப்பிடலாம்.

கடையநல்லூர் பேரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். தாத்தா காலத்துலயே கடையநல்லூர்லேர்ந்து சிங்கப்பூர் வந்த குடும்பம் எங்களது. நான் சொல்ல வர்றது ஒரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேரு ஏமாறுறாங்க. வாசல்ல "பன்றி இல்லை, லார்டு இல்லை"ன்னு போர்டு இருந்தா அது ஹலால்னு அர்த்தம் இல்ல, ஹலால்னா முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சர்டிஃபிகேட் மாட்டியிருக்கணும். உங்க அப்பாவுக்கு இது வேண்டாம், ஆனா ஒரு உபயோகம் இருக்கு, ஹலால் சர்டிஃபிகேட் உள்ள எடத்துக்குப் போனா பன்றிங்கிற பேச்சே எழாது, சியூ மாய் கூட கோழியில போட்டிருப்பாங்க, அப்பா நிம்மதியா எல்லாத்தையும் எடுக்கலாம். மாடு மட்டும் கேட்டுக்கணும்.

இன்னொண்ணு பில்லு. மெனுவுல விலைக்குப் பின்னாடி ரெண்டு கூட்டல் குறி இருக்கும் பாருங்க, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேத்து அது மேல ஜிஎஸ்டி 9 சதவீதம். 100 வெள்ளிக்கு சாப்பிட்டா 119 வெள்ளி 90 காசு குடுக்கணும். உக்காந்ததும் கடலையோ ஊறுகாயோ ஒரு சின்னத் தட்டும் ஈரத் துணியும் கேக்காமலே வைப்பாங்க, அதுக்கும் காசு உண்டு. வேணாம்னா அப்பவே திருப்பிக் குடுத்துடலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

செங்காங் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அக்கா கூடாதுன்னு சொன்ன நாலு பொருளையும் பேப்பர்ல எழுதி வச்சு ஹோட்டலுக்கு போன் பண்ணேன். நான் "சூ"ன்னதும் மேனேஜரம்மா, எங்கம்மா எதுக்காக விரதம்னு விசாரிச்சு, கிச்சன்ல கேட்டுட்டு திரும்பக் கூப்பிட்டாங்க. ஹார் காவ்ல பன்றிக் கொழுப்பு போடுறாங்களாம், அப்பாவுக்கு மட்டும் அது இல்லாம செய்ய முடியாது, ஏன்னா எறால் காலையிலயே கலந்து வச்சிடுவாங்க, அதுக்குப் பதிலா எறால் வச்ச சீ சியோங் ஃபன் தர்றோம்னு மறைக்காம சொன்னாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சுது. போயிட்டு வந்து எழுதுறேன்.

செங்காங் மகள்:

போயிட்டு வந்தாச்சு, நேத்துதான். நீளமா இருக்கும், மன்னிக்கணும்.

அப்பா முழுக்கைச் சட்டை வேட்டியில வந்தாரு, நான் பேண்ட் வேணுமானு கேட்டேன், இதுதான் மரியாதைன்னுட்டாரு. ரவுண்டு மேசை, வெள்ளைத் துணி. டீ கேட்டாங்க, ஈப்போ அண்ணன் சொன்ன பூ அர் சொன்னேன், அம்மாவுக்கு செவ்வந்தி. நான் எழுந்து அப்பா கப்புல ஊத்துனேன். அவரு குடிக்கல, முதல்ல கப்பைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு, மோந்தாரு, ஒரு வாய் வச்சுட்டு "இலையைப் பழசாக்கி வச்சிருக்கான்மா, இது நேத்து இலை இல்ல, வருஷக் கணக்குல இருந்த இலை"ன்னாரு. நான் எதுவுமே சொல்லல அவருகிட்ட. டீ கொண்டு வந்த சர்வர் அம்மாவுக்கும் ஆச்சரியம், எத்தனை வருஷ இலைன்னு உள்ள போய் கேட்டுட்டு வந்து 8 வருஷம்னு சொன்னாங்க.

கோழிக்கால் ரெண்டு தட்டு ஆச்சு. எலும்பை அவரு மாதிரி சுத்தமா யாரும் வச்சிருக்க மாட்டாங்க. சீ சியோங் ஃபன் வந்தப்ப "இது இடியாப்ப மாவை பிழியாம விட்டது"ன்னாரு.

அம்மாவுக்கு காளான் டம்ப்ளிங் தனிக் கூடையில, தனி ஆவியில வச்சதுன்னு சொல்லி கொண்டு வந்து குடுத்தாங்க. அம்மா குச்சியைத் தொடல, கையால எடுத்து, தோலை ரெண்டு விரல் நடுவுல வச்சு லேசா நசுக்கிப் பாத்தாங்க. "சொப்புடி இது. கொதிக்கிற தண்ணி ஊத்திக் கிளறுன மாவு. நான் செஞ்சா ஓரம் வெடிக்கும், இவங்களுக்கு எப்படி இவ்வளவு மெலிசா வருது"ன்னு கேட்டாங்க. கிச்சன் அண்ணன் எழுதுனதை அப்படியே படிச்சுக் காமிச்சேன், கோதுமையைக் கழுவி எடுக்குற ஸ்டார்ச்னு. உடனே மடிப்பை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க, ஒவ்வொண்ணா, பதினொண்ணு இருந்துச்சு. வர்ற பிள்ளையார் சதுர்த்திக்கு அந்த மாவு வாங்கிட்டுப் போகணுமாம், இங்க எந்தக் கடையில கிடைக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க அண்ணே.

சாப்பாடு 142 வெள்ளி, எல்லாம் சேந்து 170 வெள்ளி 26 காசு. கடலைத் தட்டை அப்பா திருப்ப விடல, டீக்கு கடலை இல்லாம எப்படின்னுட்டாரு.

கடைசியில மாம்பழ சேகோ சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப பானையில டீ தீந்துடுச்சு. மூடி விஷயத்தை அவருகிட்ட சொல்லவே மறந்துட்டேன், நானே கை நீட்டப் போனேன். அதுக்குள்ள அவரு பக்கத்து மேசையைக் காமிச்சு "அங்க பாரு, அந்தப் பெரியவரு அப்படித்தான் வச்சாரு"ன்னு சொல்லிட்டு மூடியைத் தூக்கி ஓரமா சாய்ச்சு வச்சாரு. அந்த சர்வர் அம்மா வந்து சுடுதண்ணி ரொப்பி, அவரு கப்புலயும் ஊத்துனாங்க. அப்பா ரெண்டு விரலால மேசையில தட்டுனாரு, அதையும் அந்தப் பெரியவரைப் பாத்துதான் கத்துக்கிட்டிருக்காரு.

பழைய கிச்சன் ஆளு:

படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன் தங்கச்சி. மாவு பெரிய சூப்பர்மார்க்கெட்ல கேக் மாவு வைக்கிற அலமாரியிலயே இருக்கும், பாக்கெட்ல கோதுமை ஸ்டார்ச்னு போட்டிருக்கும், சாதா கோதுமை மாவை எடுத்துடாதீங்க. அம்மாகிட்ட சொல்லுங்க, தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ஒரே மூச்சுல ஊத்தி, உடனே மூடி அஞ்சு நிமிஷம் வச்சுட்டுத்தான் பிசையணும். ஓரம் வெடிக்காது.